வளைவில் விரிசலா? பூசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய வீட்டு வளைவில் ஒரு கோடு தெரிந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு சிமென்ட் வைத்து அடைக்கச் சொல்கிறோம். தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். விரிசல் எந்த இடத்தில் இருக்கிறது, கீழ்ப்பக்கம் அகன்றிருக்கிறதா மேல்பக்கமா என்பதை வைத்துத்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும். பூசிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும், காரணம் அப்படியே இருக்கும். காவிரிப் படுகையில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். நான் பார்த்த வளைவுகளில் பெரும்பாலானவற்றில் விரிசல் உச்சியில் இருந்தது, கோளாறு காலில் இருந்தது.

அறிகுறிகளுக்குள் போகுமுன் சில பெயர்கள். வேலையிடத்தில் எல்லாரும் ஆர்ச் என்றே சொல்வார்கள். ஆனால் அதன் உறுப்புகளுக்குப் பெயர் தெரிந்தால்தான் ஃபோனிலேயே ஒருவருக்கொருவர் கோளாறைச் சொல்லிக்கொள்ள முடியும். இரண்டு தாங்கிகளுக்கும் நடுவே உள்ள திறப்பு, கண். பாலத்துக்கு இத்தனை கண் என்கிறோமே, அதே கண்தான். வளைவு சுவரை விட்டு எழும்பும் இடம் கால். அங்கிருந்து உச்சி வரை உள்ள உயரம் ஏற்றம். காலுக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட சரிவு தோள். அடியில் நின்று அண்ணாந்தால் தெரிவது உள்வளைவு, கல்லின் மேல்முதுகு வெளிவளைவு. ஒருபக்கம் குறுகிச் செதுக்கிய ஒவ்வொரு கல்லும் ஆப்புக்கல். உச்சியில் கடைசியாக இறக்குவது பூட்டுக்கல். வளைவின் காலை வெளியே நழுவவிடாமல் பிடித்திருக்கும் கனமான சுவர் முட்டு. சுமை ஏறியதும் வளைவு காலை விரித்து வெளியே தள்ளும். அந்தத் தள்ளலை உதைப்பு என்று சொல்லலாம். இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரப்போகிற சொல் அதுதான்.

உச்சியில் விரிசல், கீழ்ப்பக்கம் அகலம்

மிகவும் அதிகமாகக் காணப்படும் அறிகுறி இது. அண்ணாந்து பார்த்தால் உச்சிக்கு அருகில் உள்வளைவில் கோடு ஓடும். கீழே அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போக மெலிந்து மறையும். அப்படிக் கண்டால் உடனே இரண்டு தோள்களையும் பாருங்கள். அரைவட்ட வளைவாக இருந்தால், காலிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏறிய இடத்தில், வெளிவளைவுப் பக்கம் பிளந்த கோடு இருக்கும். அது சுவருக்குள் புதைந்திருப்பதால் பூச்சில் மயிரிழையாகத்தான் தெரியும். மூன்று இடங்களிலும் கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம்: முட்டு வெளியே நகர்ந்திருக்கிறது. கண் அகன்றுவிட்டது, வளைவு அதற்கேற்ப உச்சியைத் தாழ்த்திக்கொண்டது.

இதில் பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரிந்துகொள்வது முக்கியம். கோடு விழுந்த ஒவ்வோர் இடமும் கதவுக் கீல் போல மடங்கும். அப்படி மூன்று கீல்கள் விழுந்த வளைவு இன்னும் நிற்கும் வளைவுதான்; கீல்களில் மடங்கிப் புது அளவுக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. நான்காவது கீல் விழுந்தால்தான் அது சரியும். ரோமில் செயின்ட் பீட்டர் பேராலயக் கும்மட்டத்தில் விரிசல்கள் கண்டபோது அதை ஆராய்ந்தவர் ஜியோவான்னி போலேனி. தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் அது வளைவுக்கான வடிவம் என்று 1675-இல் ராபர்ட் ஹூக் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, கும்மட்டத்தின் எடைக்கு ஏற்ற குண்டுகளைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார் போலேனி. அந்தக் கோடு கும்மட்டத்தின் தடிமனுக்குள்ளேயே அடங்கியது. விரிசல் இருந்தும் கும்மட்டம் நிற்கும் என்று 1748-இல் அறிக்கை தந்தார். ஆனால் காலை இறுக்கிப் பிடிக்க இரும்பு வளையம் போடவும் சொன்னார். விரிசலைப் பார்த்துக் கலங்கவும் இல்லை, கண்டுகொள்ளாமல் விடவும் இல்லை. நம் வீட்டு வளைவுக்கும் அந்த நிதானம் வேண்டும்.

கும்பகோணம் பக்கம் ஒரு வீடு. கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவே 8 அடிக் கண்ணில் தாழ்வான செங்கல் வளைவு. உச்சியில் விரிசல். அதைச் சுரண்டிப் பார்த்தபோது மூன்று நிறத்தில் மூன்று பூச்சு வந்தது: அடியில் பழைய சுண்ணாம்பு, மேலே வெளிர் சாம்பலில் ஒரு சிமென்ட், அதற்கும் மேலே அடர் சாம்பலில் இன்னொன்று. மூன்றும் ஒரே கோட்டில் பிளந்திருந்தன. உள்வளைவில் ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழைந்தது. ஏணியில் ஏறி வெளிவளைவுப் பக்கம் பூச்சை விலக்கிப் பார்த்தால், அதே விரிசலில் நூல்கூட நுழையவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன், பக்கத்தில் சமீபத்தில் ஏதாவது இடித்தார்களா என்று. பக்கத்து வீட்டை இடித்துவிட்டு இரண்டடி தள்ளிப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பல தலைமுறையாக அந்த வீட்டுச் சுவர்தான் இந்தச் சுவருக்கு முட்டாக இருந்திருக்கிறது. முட்டுப் போனதும் கால் நகர்ந்தது.

எவ்வளவு உதைப்பு என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். மீட்டருக்கு எத்தனை டன் சுமை என்பதைக் கண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, ஏற்றத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். கண் 2.4 மீட்டர், ஏற்றம் 0.4 மீட்டர், சுமை மீட்டருக்கு 1.5 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 2.7 டன். அதே கண்ணில் அரைவட்டமாக, 1.2 மீட்டர் ஏற்றத்தோடு கட்டியிருந்தால் 0.9 டன்தான். தாழ்ந்த வளைவு பார்க்க அடக்கமாக இருக்கும், ஆனால் மூன்று மடங்கு உதைக்கும். வட்டத்தின் சிறு துண்டை மட்டும் எடுத்துக் கட்டிய துண்டு வளைவுகளில் இந்த அறிகுறி அதிகம் வருவது அதனால்தான். கூர் வளைவு இதற்கு நேர் எதிர். ஏற்றம் அதிகம், உதைப்புக் குறைவு.

செய்ய வேண்டியது: முட்டை மீட்டுக் கொடுப்பது, அல்லது இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று கட்டுவது. வெளியே இடம் இருந்தால் சாய்வான முட்டுச்சுவர் எழுப்பலாம். இடம் இல்லாவிட்டால் கால் மட்டத்தில் இரும்பு இழுகம்பி போட்டு, இருபுறமும் சுவருக்கு வெளியே தகடு வைத்துத் திருக வேண்டும். கூடத்தின் குறுக்கே கம்பி தெரிகிறதே, அசிங்கமாக இருக்காதா என்று பலரும் தயங்குகிறார்கள். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் வளைவுகளுக்குக் குறுக்கே இழுகம்பிகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. மறைக்க வேண்டிய பொருள் இல்லை அது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். உச்சிக்கு நேர் கீழே ஒரே ஒரு கம்பத்தை நட்டு ஜாக்கி வைத்து ஏற்றுவது. உச்சியைத் தூக்கினால் வளைவு மறுபக்கம் மடங்கும்; மூடியிருந்த பக்கம் பிளக்கும். முட்டுக்கொடுப்பதென்றால் வளைவின் முழு வடிவத்துக்கும் பலகை வெட்டி, அடியெங்கும் படியும்படி சென்ட்ரிங் கொடுக்க வேண்டும்.

உச்சி மேலே எழும்பி, விரிசல் மேல்பக்கம் அகன்றிருக்கிறது

முந்தையதைவிட அரிது, ஆனால் ஆபத்து அதிகம். உச்சி கூம்பினாற்போல் தெரியும், தோளில் உள்வளைவுப் பக்கம் கோடு விழும். தோளில் கனம் மிகுந்து உச்சியில் கனம் போதாமல் இருக்கிறது, அல்லது முட்டு உள்ளே நெருக்குகிறது என்று பொருள்.

வேல்ஸ் நாட்டின் பான்டிபிரித் பாலத்தை இதற்கு மிஞ்சிய உதாரணம் இல்லை. வில்லியம் எட்வர்ட்ஸ் என்பவர் ஆற்றின் குறுக்கே 140 அடிக் கண்ணில் ஒற்றை வளைவு கட்டினார். முந்தைய முயற்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. அவற்றில் ஒன்றில், தோளில் நிரப்பிய கல்லின் கனம் அழுத்தி, மெலிந்த உச்சியை மேலே பிதுக்கித் தள்ளிவிட்டது. அவர் உச்சியைக் கனமாக்கவில்லை. ஒவ்வொரு தோளிலும் மூன்று வட்டமான துளைகள் விட்டுக் கட்டி, கனத்தைக் குறைத்தார். 1756-இல் முடிந்த அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. படத்தைத் தேடிப் பாருங்கள். அழகுக்காக வைத்தது போலத்தான் இருக்கும் அந்தத் துளைகள்.

நம் வீடுகளில் இது நேர்வது பெரும்பாலும் மொட்டைமாடித் தளத்தைப் புதுப்பிக்கும்போது. வளைவுக் கூரையின் மேல் நிரப்பியிருக்கும் பழைய சுண்ணாம்புக் காரையையும் செங்கல் சல்லியையும் ஒரு பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வருகிறார்கள். ஒரு தோள் வெறுமையாகி மறுதோளில் பாரம் நின்றால் வளைவு கனமான பக்கம் அமுங்கி, வெறுமையான பக்கம் எழும்பும். எடுப்பதானாலும் போடுவதானாலும் இரண்டு பக்கமும் சமமாக, ஒரு சாண் ஒரு சாணாகத்தான் செய்ய வேண்டும். இந்த ஒரு வேலைக்கு நான் எப்போதும் கூடவே நிற்பேன்.

கூர் வளைவில் உச்சி எழும்பினால் மேலே இருந்த சுவரை யாராவது குறைத்தார்களா என்று விசாரியுங்கள். கூர் முனைக்குத் தலையில் கொஞ்சம் பாரம் வேண்டும்.

ஒரு கல் மட்டும் கீழே இறங்கியிருக்கிறது

விரலால் தடவினால் படியாகத் தட்டும். பூட்டுக்கல் இறங்கினால் வீட்டில் எல்லாரும் பதறிவிடுவார்கள். பூட்டுக்கல்லுக்குத் தனி வல்லமை எதுவும் இல்லை. கடைசியாக வைப்பதால் அந்தப் பெயர், மற்றபடி அதுவும் ஓர் ஆப்புக்கல். கூர் வளைவுகள் பலவற்றில் உச்சியில் கல்லே இருக்காது, இணைப்புக் கோடுதான் இருக்கும்.

கல் இறங்கக் காரணம், அதன் இருபுறமும் உள்ள சாந்து போய்விட்டது. கத்தி முனையால் இணைப்பைக் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் மேலே எங்கோ நீர் கசிகிறது. அந்தக் கசிவை அடைக்காமல் சாந்து வைத்துப் பயனில்லை. அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டினால் மட்டும் போதாது, வேர் இணைப்புக்குள் தடித்துக்கொண்டே போகும். வேரோடு எடுக்க வேண்டும், எடுத்த குழியை அன்றே நிரப்ப வேண்டும்.

புதிதாகக் கட்டிய வளைவில் இது வந்தால் சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரித்துவிட்டார்கள். இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் ரயில் பாலத்திலேயே அது நடந்திருக்கிறது. இசாம்பார்ட் புரூனெல் வடிவமைத்த இரண்டு தாழ்ந்த செங்கல் வளைவுகள், ஒவ்வொன்றும் 128 அடிக் கண், 24 அடி ஏற்றம். கலவை இறுகுவதற்குள் சென்ட்ரிங்கைத் தளர்த்தியதில் ஒரு வளைவு கொஞ்சம் இறங்கிவிட்டது. தாழ்ந்த வளைவு நிற்காது என்று சொல்லிவந்தவர்களுக்கு அது வாய்ப்பாகப் போயிற்று. ஒப்பந்தக்காரர் தன் தவறை ஒப்புக்கொண்டு திருத்திக் கட்டினார். இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது.

சுண்ணாம்புக் கலவை சிமென்ட்டைவிட மெதுவாக இறுகும் என்பதை வேலையாட்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நம் கொத்தனார்களில் பலருக்கு இப்போது சிமென்ட்டின் வேகம்தான் பழக்கம்.

ஒரு தோளிலிருந்து படிப்படியாகச் சுவரில் ஏறும் விரிசல்

செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி போலக் கோணலாக ஏறும். மறுபக்கம் சுத்தமாக இருக்கும். இது உதைப்பால் வந்தது இல்லை, அடித்தளம் ஒரு பக்கம் இறங்கியதால் வந்தது.

உறுதிசெய்ய ஒரு நீர்மட்டக் குழாய் போதும். கட்டியவர்கள் செங்கல் வரியை மட்டமாகத்தான் வைத்திருப்பார்கள். இரண்டு கால்களுக்கும் அடியில் ஒரே வரியில் குழாயைப் பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அங்கே தரையைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் உடைந்த கழிவுநீர்க் குழாயோ, முற்றத்து மழைநீர் வெளியேறும் தூம்போ அங்கேதான் இருக்கும். களிமண் பூமியில் இன்னொரு தொல்லை உண்டு: ஐப்பசி மழையில் மண் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும், விரிசலும் கூடவே திறந்து மூடும். ஆகவே விரிசலின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு விரல் அகலப் பட்டை வைத்து, அதன்மேல் தேதியை எழுதிவிடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும், கோடையிலும் பாருங்கள். பட்டை உடையாமலே இருந்தால் இறக்கம் எப்போதோ நின்றுவிட்டது, அப்போது பூசலாம்.

வளைவு வரிசையில் கடைசித் தூண் வெளியே சாய்கிறது

தூக்குக்குண்டு பிடித்தால் உச்சியும் அடியும் ஒத்துவராது. நடுத் தூண்கள் மெலிதாக இருந்தும் நேராக நிற்கும். மூலைத் தூண் தடித்திருந்தும் சாயும். நடுவில் ஒவ்வொரு தூணையும் இரண்டு வளைவுகள் எதிரெதிராக உதைப்பதால் தள்ளல் கழிந்துவிடுகிறது. கடைசித் தூணுக்கு எதிரே உதைக்க யாரும் இல்லை.

இந்த உண்மையை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஜான் ரொடோல்ப் பெரோனே. பாரிஸுக்கு அருகில் நோயி பாலத்தில் ஐந்து வளைவுகளை மிக மெலிந்த தூண்கள்மேல் எழுப்பினார். அந்தத் தூண்களால் ஒற்றை வளைவின் உதைப்பைத் தாங்க முடியாது. எனவே ஐந்து வளைவுகளுக்கும் ஒன்றாகவே சென்ட்ரிங் வைத்துக் கட்டினார். 1772-இல் சாரத்தை இறக்கியபோது மன்னர் பதினைந்தாம் லூயியே வந்து பார்த்தார். அத்தகைய வரிசையில் ஒன்று போனால் பக்கத்தில் இருப்பதெல்லாம் போகும். இதைப் படிக்கும் யாராவது வராந்தாவில் கார் நுழைவதற்காக ஒரே ஒரு வளைவை எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தால், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம்.

கடைசித் தூண் சாய்வதற்கு மருந்து, கடைசி வளைவுக்கு இழுகம்பி போடுவதோ அந்த மூலையில் முட்டுச்சுவர் எழுப்புவதோதான். சாய்ந்த தூணை நேராக்க முயலாதீர்கள்; இருக்கும் இடத்திலேயே பிடித்து நிறுத்துங்கள்.

ஜன்னலுக்கு மேல் தட்டை வளைவு தொங்குகிறது

அடிப்பக்கம் நேர்கோடாகத் தெரிந்தாலும் செங்கற்கள் விசிறி போலச் சாய்ந்திருந்தால் அது தட்டை வளைவு. ஏற்றம் கிட்டத்தட்ட இல்லை, ஆகவே உதைப்பு மிக அதிகம். கட்டும்போதே அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், என்ற கணக்கில் நடுவைத் தூக்கிக் கட்டுவது வழக்கம். இல்லாவிட்டால் மட்டமாக இருப்பதுகூடத் தொங்குவது போலக் கண்ணுக்குப் படும். நிஜமாகவே தொங்கினால், அதற்கு மேலே சுவருக்குள் இன்னொரு வளைவு புதைந்திருக்கிறதா என்று பூச்சைத் தட்டிப் பாருங்கள். பாரத்தை இருபுறமும் பிரித்துவிடும் சுமைதாங்கி வளைவு அது. இருந்தால் தட்டை வளைவின் தலையில் பெரிய பாரம் கிடையாது, நிதானமாகச் சரிசெய்யலாம்.

கூரையில் இரும்புக் கர்டர் ஓரமாக நேர்க்கோடு

கர்டருக்குக் கர்டர் சின்னச் சின்னச் செங்கல் வளைவு போட்ட கூரைகள், பழைய ரயில் நிலையங்களிலும் அலுவலகங்களிலும் உண்டு. ஜாக் ஆர்ச் என்பார்கள். கர்டர் நெடுகப் பூச்சு பிளந்து துருக்கறை இறங்கினால் வளைவைக் குறை சொல்லாதீர்கள். இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துப் பக்கத்துச் செங்கல்லைத் தள்ளும். துருவைச் சுரண்டி மிச்சத் தடிமனை அளக்க வேண்டும். சுவரை ஒட்டிய கடைசி வளைவில் கம்பி கட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தூண் வரிசைக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

எந்த அறிகுறியிலும் அடங்காத விரிசல்

அப்படியானால் அது வளைவுதானா என்று கேளுங்கள். பூச்சைக் கொஞ்சம் விலக்கி இணைப்புக் கோடுகளைப் பாருங்கள். கோடுகள் ஒரு மையத்தை நோக்கிச் சாய்ந்தால் உண்மையான வளைவு. எல்லாக் கோடுகளும் படுக்கையாகவே இருந்தால், கல்லுக்கு மேல் கல்லை முன்னே பிதுக்கிப் பிதுக்கி நெருக்கிய அடுக்கு அது. டெல்லி குதுப் வளாகத்தில், குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் முகப்பில் உள்ள கூர் வளைவுகள் அப்படிப்பட்டவை; ஆப்புக்கல் வைத்த வளைவு அந்த நகரில் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பால்பன் கல்லறையில் வருகிறது. பிதுக்கி அடுக்கியதில் பின்பக்கத்துப் பாரம்தான் முன்பக்கத்தை விழாமல் பிடித்திருக்கும். விரிசல் கண்டால் பின்பாரத்தை யார் குறைத்தார்கள் என்று தேட வேண்டும்.

மூன்றாவது சாத்தியமும் உண்டு. மேலே கல் உத்தரமோ கான்கிரீட் லிண்டலோ இருக்கும்; இதழ் இதழாகத் தெரியும் வளைவு அதன் கீழே ஒட்டிய சுதை வேலை மட்டுமே. தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். அங்கே வளைவுக்கு வைத்தியம் பார்த்து எந்தப் பயனும் இல்லை, உத்தரத்தைப் பாருங்கள்.

காரணம் பிடிபட்ட பிறகு

அந்தக் கும்பகோணத்து வீட்டில் செய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் சவுக்குக் கட்டையும் வளைவுக்கு ஏற்ப வெட்டிய பலகையும் வைத்து முழுச் சென்ட்ரிங். அடியில் இரட்டை ஆப்பு. அப்புறம் கால் மட்டத்தில் 20 மில்லிமீட்டர் இழுகம்பி, வெளியே ஓரடிச் சதுரத் தகடு. கம்பி இறுகிய பிறகுதான் விரிசலில் கை வைத்தோம். சிமென்ட் முழுவதையும் சுரண்டினோம். செங்கல்லைவிடக் கெட்டியான சிமென்ட் இணைப்புக்குள் இருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள் புகும். உப்புப் பூத்து முகம் உதிரும். இணைப்புகளை ஓர் அங்குல ஆழத்துக்குத் தோண்டி, தண்ணீர் தெளித்து, நீற்றிய சுண்ணாம்பும் மணலும் செங்கல் தூளும் கலந்த கலவையை அடைத்தோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுத்தான் அரைத்தோம். அகன்ற இணைப்பில் மெல்லிய ஓட்டுச் சில்லுகளைச் செருகி, மரக்கட்டையால் தட்டி இறுக்கினோம். ஈரச் சாக்கு போட்டு, காயவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்த வீட்டுப் பாட்டி எடுத்துக்கொண்டார். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார்.

ஆறு வாரம் சென்ட்ரிங்கைத் தொடவில்லை. பிரிக்கும் நாளில் உச்சிக்கு அடியில் உள்ள ஆப்பை முதலில் அரை விரல்கடை தளர்த்தினோம், பிறகு இரண்டு தோள்களிலும் ஒரே நேரத்தில், கடைசியாகக் கால் பக்கம். ஒரு நாள் அப்படியே விட்டோம். மறுநாள் பலகைக்கும் செங்கல்லுக்கும் நடுவே தாளை நுழைத்துப் பார்த்தேன். ஒரு காலிலிருந்து மறுகால் வரை தங்குதடையின்றி ஓடியது. அதற்குப் பிறகுதான் கட்டைகளை உருவினோம்.